குணமும் குற்றமும்: அம்மியானஸ் மார்செல்லினஸ் வரைந்த ரோமப் பேரரசர்கள்

கி.பி. 357ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ரோம் நகருக்குள் ஊர்வலமாக வந்தார். அக்காலத்துப் பேரரசர்கள் எல்லைப்புறப் போர்களை முன்னிட்டு மிலான், அந்தியோகியா போன்ற நகரங்களிலேயே தங்கி ஆண்டுவந்தமையால், தங்கள் பேரரசரை நேரில் காண்பது ரோம் மக்களுக்கு அரிதாகவே வாய்த்தது. நாக வடிவக் கொடிகள் காற்றில் சீறின; உடல் முழுவதும் இரும்புக் கவசம் போர்த்திய குதிரை வீரர்கள் அணிவகுத்து வந்தனர்; நடுவே மணிகள் இழைத்த பொன் வண்டியில் பேரரசர் தனியாக அமர்ந்திருந்தார். வாழ்த்தொலி வானைப் பிளந்தபோதும் அவர் அசையவில்லை. கழுத்தை ஏதோ இறுக்கிப் பிடித்திருப்பதைப் போல நேரே பார்த்தபடி இருந்தார். வலப்புறமோ இடப்புறமோ முகம் திருப்பவில்லை. சக்கரம் குலுங்கியபோது தலை ஆடவில்லை. எச்சில் துப்பவில்லை, மூக்கைத் துடைக்கவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. ஆனால் உயர்ந்த நுழைவாயில்களைக் கடந்தபோது மட்டும், மிகவும் குள்ளமானவராக இருந்தும், தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் காட்சியை நமக்குத் தந்தவர் அம்மியானஸ் மார்செல்லினஸ் என்னும் வரலாற்றாசிரியர். அந்தக் குனிதலைச் சொல்லும் இடத்தில் பேரரசர் தற்பெருமை மிக்கவர் என்றோ, மாட்சிமை பொருந்தியவர் என்றோ அவர் தீர்ப்பு எழுதுவதில்லை. தலை இடிக்க வாய்ப்பே இல்லாத வாயிலின் கீழ் ஒருவர் ஏன் குனிகிறார் என்ற கேள்வி வாசகரின் மனத்தில் தானாக எழட்டும் என்று விட்டுவிடுகிறார். பேரரசர்களைச் சித்திரிப்பதில் அவருடைய முறையைப் புரிந்துகொள்ள விரும்பும் புதிய வாசகருக்கு, இந்த ஒரு வரியைவிடச் சிறந்த நுழைவாயில் இல்லை என்பது என் எண்ணம்.

அம்மியானஸ் ஏறத்தாழ கி.பி. 330ஆம் ஆண்டில், ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில், பெரும்பாலும் சிரியாவின் அந்தியோகியாவில், கிரேக்க மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே படையில் சேர்ந்து, பேரரசரின் காவற்படை அலுவலர்களுள் ஒருவராகி, உர்சிசினஸ் என்ற தளபதியின் கீழ்ப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஓய்வு பெற்றபின் ரோம் நகரில் குடியேறி, தாய்மொழியான கிரேக்கத்தை விட்டு இலத்தீன் மொழியில் 31 பகுதிகள் கொண்ட வரலாற்று நூலை எழுதினார். பேரரசர் நெர்வா ஆட்சிக்கு வந்த 96ஆம் ஆண்டில் தொடங்கி, 378ஆம் ஆண்டு அட்ரியானோபிள் போரில் பேரரசர் வாலென்ஸ் மாண்டது வரை அந்நூல் செல்கிறது. முந்தைய பெரும் வரலாற்றாசிரியரான டாசிடஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கியதன் மூலம், தாம் எந்த வரிசையில் நிற்க விரும்புகிறார் என்பதை அவர் குறிப்பாக உணர்த்திவிட்டார். முதல் 13 பகுதிகள் அழிந்துபோயின. எஞ்சியிருக்கும் 18 பகுதிகள் 353 முதல் 378 வரையிலான 25 ஆண்டுகளை மட்டுமே சொல்கின்றன. இருந்தபோதிலும் அந்தக் கால்நூற்றாண்டைப் போல நெருக்கமாக நமக்குத் தெரிந்த காலம் பிற்கால ரோம வரலாற்றில் வேறில்லை.

அவர் அரண்மனை வரலாற்றை எழுதியவர் மட்டுமல்லர், அதனால் காயப்பட்டவரும்கூட. 359ஆம் ஆண்டில் பாரசீகப் படை அமிடா நகரை, அதாவது துருக்கியிலுள்ள இன்றைய தியார்பகிரை, 73 நாள் முற்றுகையிட்டபோது அவர் கோட்டைக்குள் இருந்தார். எதிரிகள் துரத்த, நகர வாயிலை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய பாதையில் மக்களும் படைவீரரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்த இரவை அவர் விவரிக்கிறார்: அவருக்கு முன்னால் நின்ற ஒரு வீரன் வாள்வெட்டில் தலை இரண்டாகப் பிளந்து இறந்துபோயிருந்தான், ஆயினும் விழ இடமின்றி, நட்ட கட்டையைப் போல நின்றுகொண்டே இருந்தான். நகரம் வீழ்ந்த இரவில், காவலில்லாத ஒரு சிறு வாயில் வழியாக இருவருடன் அவர் தப்பினார். அரசர்கள் எடுத்த முடிவுகள் கடைசியில் எந்தப் பாதையில் எந்த மனிதனின் மேல் இறங்குகின்றன என்பதைக் கண்ணால் கண்டவர் என்பதாலேயே, அவருடைய தீர்ப்புகளுக்கு ஒரு கனம் உண்டு.

கான்ஸ்டான்டியஸின் அரண்மனை எப்படி இயங்கியது என்பதற்கு அவர் தரும் சான்று ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பேரரசரின் சுமைவிலங்குகளுக்குக் கணக்கு எழுதிய டைனமியஸ் என்பவர், சில்வானஸ் என்ற தளபதியிடம் நண்பர்களுக்கான பரிந்துரைக் கடிதங்களைக் கேட்டு வாங்கினார். பிறகு கையெழுத்தை மட்டும் விட்டுவைத்து, மேலே இருந்த எழுத்துகளைத் துடைத்துவிட்டு, சில்வானஸ் அரியணைக்கு ஆசைப்படுவதாகப் பொருள்படும் வேறு வாசகங்களை அங்கே எழுதினார். அந்தக் கடிதம் பேரரசரின் கைக்குப் போனது. பொய்ப்பழியிலிருந்து தப்ப வேறு வழியின்றி, 355ஆம் ஆண்டில் கொலோன் நகரில் சில்வானஸ் உண்மையாகவே தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அவரை நம்பவைத்துக் கொல்வதற்கு அனுப்பப்பட்டவர் உர்சிசினஸ்; உடன் சென்ற சிறு குழுவில் அம்மியானஸும் ஒருவர். கொலையில் முடிந்த அந்தப் பயணத்தை அவர் மறைக்காமல் எழுதுகிறார். சந்தேகம் பிடித்த ஓர் அரசன் இல்லாத எதிரியை எவ்வாறு உண்டாக்குகிறான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

இங்கே அக்காலத்து எழுத்து மரபு ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உயிரோடிருக்கும் பேரரசரைப் பற்றி மேடையில் பேசுவதும் எழுதுவதும் பெரும்பாலும் புகழுரையாகவே இருந்தன. அதற்கென்று வகுத்த இலக்கணம் இருந்தது, கல்விக்கூடங்களில் பயிற்சியும் இருந்தது. பிறப்பு, வளர்ப்பு, வீரம், நீதி, ஈகை என்று வரிசையாகப் போற்றிச் செல்லும் அந்த உரைகளில் குற்றத்துக்கு இடமில்லை. ஆட்சி கவிழ்ந்தாலோ, அதே சொல்வன்மை மறுபக்கம் திரும்பி, இறந்தவரைக் கொடுங்கோலன் என்று தூற்றும். இவ்விரண்டுக்கும் நடுவே அம்மியானஸ் எடுத்துக்கொண்ட வடிவந்தான் அவருடைய நூலின் முதுகெலும்பு. ஒவ்வொரு பேரரசரும் இறக்கும் இடத்தில் கதையை நிறுத்தி, அவருடைய குணங்களைத் தனியாகவும் குற்றங்களைத் தனியாகவும் எடுத்து வைத்து, தோற்றத்தையும் வருணித்து ஒரு மதிப்பீடு எழுதுகிறார். குணத்தையும் குற்றத்தையும் நாடி, எது மிகுந்திருக்கிறதோ அதைக் கொண்டு ஒருவரை அறிய வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இம்முறை அந்நியமானதன்று.

கான்ஸ்டான்டியஸைப் பற்றிய மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். உணவிலும் குடியிலும் அளவோடு இருந்தார், கற்பொழுக்கம் தவறாதவர், அம்பெய்வதிலும் ஈட்டி எறிவதிலும் வல்லவர், படைத்துறைப் பதவிகளை யோசித்தே வழங்கினார் என்று நிறைகள் முதலில் வருகின்றன. அவற்றின் நடுவேதான், பொது இடத்தில் அவர் மூக்கைத் துடைத்ததையோ எச்சில் துப்பியதையோ முகம் திருப்பியதையோ யாரும் கண்டதில்லை என்ற பழைய செய்தி மீண்டும் தலைகாட்டுகிறது. ரோம் ஊர்வலத்தில் சிலையைப் போல உறைந்த மனிதனாக நமக்குத் தோன்றிய அதே நடத்தை, இங்கே தன்னடக்கத்தின் அடையாளமாக நிறைகளின் வரிசையில் நிற்கிறது. ஆகவே அம்மியானஸுக்கு ஒரு செயல் எப்போதும் ஒரே பொருள் உடையதன்று. உள்நாட்டுப் போரில் ரோமர்களையே வென்றுவிட்டு, அயல்நாட்டுப் பகைவரை வென்றவரைப் போல ஊர்வலம் வந்த இடத்தில் அது வெறுமையாகிறது, ஒரு மனிதரின் வாழ்நாள் பழக்கமாகப் பார்க்கும்போது மதிப்புப் பெறுகிறது.

குறைகளின் பட்டியல் இதைவிடக் கனமானது. ஆட்சிக்கு எதிரான சதி என்ற சிறு வதந்தி காதில் விழுந்தாலும், கொடுமைக்குப் பெயர்போன முற்காலப் பேரரசர்களான கலிகுலா, டொமிஷியன், கொமோடஸ் ஆகியோரையும் மிஞ்சும் கொடுமையை அவர் காட்டினார் என்று அம்மியானஸ் எழுதுகிறார். அதற்கான சான்றுகளை நூலின் முந்தைய பகுதிகளிலேயே விதைத்து வைத்திருக்கிறார். ஸ்கைதோபோலிஸ் நகரில் 359ஆம் ஆண்டில் நடந்த விசாரணைகளில், காய்ச்சலுக்காகக் கழுத்தில் தாயத்துக் கட்டியவரும், மாலை வேளையில் கல்லறையருகே நடந்துபோனவரும் மரணதண்டனைக்கு உள்ளாயினர். விருந்துகளில் நுழைந்து பிறர் கண்ட கனவுகளைக் கேட்டறிந்து பேரரசரிடம் திரித்துச் சொல்லும் மெர்க்கூரியஸ் என்பவருக்குக் 'கனவுகளின் கோமான்' என்றே பெயர் ஏற்பட்டது. தூங்கினேன் என்று ஒப்புக்கொள்ளவே மக்கள் அஞ்சினர். பள்ளியறைத் தலைவரான யூசேபியஸ் என்ற அலியின் பிடியில் பேரரசர் இருந்த நிலையைச் சொல்ல, யூசேபியஸிடம் கான்ஸ்டான்டியஸுக்கு நல்ல செல்வாக்கு இருந்தது என்று ஒரே ஒரு வரியில் உறவைத் தலைகீழாக்கி எழுதுகிறார். யார் ஆண்டவர், யார் ஆளப்பட்டவர் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த இருளுக்கு எதிரே நூலில் ஒளியாக வருபவர் ஜூலியன். 355ஆம் ஆண்டில் துணைப் பேரரசராகக் கௌல் நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்சை ஒட்டிய பகுதிக்கு, அனுப்பப்பட்ட இவர், 360இல் பாரிசில் படைவீரர்களால் முழுப் பேரரசராக உயர்த்தப்பட்டு, 361இல் கான்ஸ்டான்டியஸ் நோயில் இறந்தபின் தனியாட்சி பெற்று, 363 ஜூன் 26 அன்று பாரசீகப் படையெடுப்பில் ஈட்டிக் காயத்தால் மாண்டார். அம்மியானஸ் அவருக்குக் கீழ் அந்தப் படையெடுப்பில் பங்கேற்றவர். தாம் சொல்லப்போவது உண்மையே ஆயினும் ஏறத்தாழப் புகழுரையைப் போல அமைந்துவிடும் என்று, ஜூலியனின் கதையைத் தொடங்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். இந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். தம் அன்பை முன்கூட்டியே அறிவித்துவிட்ட எழுத்தாளரை நாம் விழிப்போடு படிக்க முடிகிறது.

ஜூலியனின் நீதியுணர்வைக் காட்ட அவர் ஒரு வழக்கைச் சொல்கிறார். நூமேரியஸ் என்ற முன்னாள் ஆளுநர் மீது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது, அவர் மறுத்தார், சான்று எதுவும் இல்லை. மறுப்பதே போதுமென்றால் எவர்தான் குற்றவாளி ஆவார் என்று வழக்குரைஞர் சினத்துடன் கேட்டபோது, குற்றம் சாட்டுவதே போதுமென்றால் எவர்தான் நிரபராதி ஆவார் என்று ஜூலியன் திருப்பிக் கேட்டார். தாயத்துக்காக உயிர்கள் போன ஆட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கவேண்டும். ஒரு பேரரசரின் செயலை மற்றொருவரின் செயலுக்கு மறைமுகமான பதிலாக நிறுத்துவது அம்மியானஸின் கலை. இன்னொரு காட்சி: கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் முடி திருத்த ஆள் கேட்டபோது பகட்டான உடையில் ஒருவர் வந்து நின்றார். நான் அழைத்தது நாவிதரை, நிதி அதிகாரியை அல்ல என்று திகைத்த ஜூலியன், அவருடைய வருவாயை விசாரித்தார். நாளொன்றுக்கு 20 பேருக்கான உணவுப்படி, அதே அளவுக்கு விலங்குத் தீவனம், பெரிய ஆண்டுச் சம்பளம், போதாக்குறைக்குப் பல சலுகைகள் என்று விடை வந்தது. அரண்மனை வேலையாட்கள் அனைவரையும் ஜூலியன் வெளியேற்றினார். அம்மியானஸ் இதைப் பாராட்டி முடிக்கவில்லை. நல்லொழுக்கமுள்ள சிலரையேனும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று குறை சொல்கிறார்.

கௌல் நாட்டில் ஒவ்வொரு வரி அலகுக்கும் 25 பொற்காசுகளாக இருந்த வரியை ஜூலியன் 7ஆகக் குறைத்துவிட்டுப் போனார் என்பதும் அவர் தரும் செய்திதான். வெறும் பண்புச் சொற்களால் புகழாமல் எண்ணைக் கொண்டு புகழும்போது அவர் எழுத்து மிகவும் வலுப்பெறுகிறது.

தூதர்களைப் பற்றிய ஒரு பத்தியும் இவ்வகையைச் சேர்ந்ததே, நமக்கு நெருக்கமானதுங்கூட. ஜூலியன் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தபோது பல திசைகளிலிருந்தும் தூதுக்குழுக்கள் வந்ததாகச் சொல்லும் அம்மியானஸ், இந்திய நாட்டினர் போட்டி போட்டுக்கொண்டு பரிசுகளுடன் பெரியோரை அனுப்பினர் என்றும், அவர்கள் திவி, செரெண்டிவி என்னும் இடங்கள் வரையிலிருந்தும் வந்தனர் என்றும் எழுதுகிறார். செரெண்டிவி என்பது இலங்கையைக் குறிக்கிறது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. புதிய பேரரசரின் புகழ் உலகின் விளிம்புவரை எட்டியது என்று காட்டுவதற்காக நம் கடலின் தீவொன்று அவருடைய நூலில் இடம்பெற்றிருக்கிறது. இங்கே ஆசிரியரின் அன்பு பேசுகிறது என்பதை மறக்கக் கூடாது. அத்தனை தொலைவிலிருந்து புறப்பட்ட தூதர்கள் ஜூலியன் பதவியேற்றதை அறிந்துதான் கிளம்பினார்களா என்பது கால அளவைப் பார்த்தால் ஐயத்துக்குரியது.

இவ்வளவு நேசித்த மனிதரின் குறைகளை அவர் எவ்வாறு எழுதினார் என்பதில்தான் இந்த வரலாற்றாசிரியரின் தரம் தெரிகிறது. ஜூலியன் கிறித்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களின் வழிபாட்டுக்குத் திரும்பியவர். அம்மியானஸும் பழைய சமயத்தைச் சார்ந்தவராகவே தெரிகிறார். ஆயினும், ஜூலியன் முறையான வழிபாட்டாளர் என்பதைவிட மூடநம்பிக்கை உடையவர் என்று எழுதுகிறார். அவர் கணக்கின்றிப் பலியிட்டதால், பாரசீகப் போரிலிருந்து திரும்பியிருந்தால் நாட்டில் மாடுகளுக்கே பஞ்சம் வந்திருக்கும் என்று மக்கள் பேசிக்கொண்டதைப் பதிவு செய்கிறார். கிறித்தவ ஆசிரியர்கள் இலக்கணமும் சொல்வன்மையும் கற்பிக்கக் கூடாது என்ற ஆணையை இரக்கமற்றது, என்றென்றும் மௌனத்தில் புதைக்கத்தக்கது என்கிறார். தம் பக்கத்து அரசர் எதிர்ப்பக்கத்தாருக்கு இழைத்த அநீதியை இப்படிக் கண்டிக்கும் துணிவு எல்லாக் காலத்திலும் அரிது.

எனினும் அவருடைய தராசு எங்கும் நேராக நின்றது என்று சொல்லிவிட முடியாது. பாரசீகப் படையெடுப்பு பேரழிவில் முடிந்து, அடுத்து வந்த ஜோவியன் நிசிபிஸ் நகரை எதிரிக்கு ஒப்படைக்க நேர்ந்தது. அந்தப் போருக்கு ஜூலியனைக் குறை சொன்னவர்களுக்கு விடையாக, பகையை மூட்டியவர் முன்பே ஆண்டு மறைந்த கான்ஸ்டான்டைன்தான் என்று அம்மியானஸ் வாதிடுகிறார். நூலின் பல பகுதிகளில் ஜோவியனின் ஒப்பந்தத்துக்கு எதிராக எழும் கசப்பும், தம் தளபதி உர்சிசினஸுக்கு அரண்மனை இழைத்த அநீதியைப் பற்றிய ஆறாத வருத்தமும் அவருடைய எழுத்தைச் சாய்க்கின்றன. அவரைப் பெரிதும் நம்பிய 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், சமகாலத்தவருக்குரிய விருப்புவெறுப்புகள் இல்லாத வழிகாட்டி என்று அவரைப் போற்றினார். நான் அந்த அளவுக்குச் செல்லமாட்டேன். விருப்புவெறுப்புகள் அவரிடம் நிறையவே இருந்தன. அவற்றை மீறிச் சில உண்மைகளைச் சொல்லத் தம்மை அவர் கட்டாயப்படுத்திக்கொண்டார் என்பதே சரியான பாராட்டாகும்.

364இல் ஆட்சிக்கு வந்த உடன்பிறந்தோர் இருவரும் இந்தத் தராசில் கடுமையாகவே நிறுக்கப்படுகின்றனர். மேற்கை ஆண்ட வாலென்டினியன், 'பொற்துகள்', 'களங்கமற்றவள்' என்று பெயரிட்ட இரண்டு கரடிகளுக்கு மனிதர்களை இரையாக்கினார். அவற்றின் கூண்டுகளைத் தம் படுக்கையறைக்கு அருகில் வைத்துக்கொண்டார். பலரைக் கிழித்துக் கொன்றபின் 'களங்கமற்றவள்' மட்டும் தக்க கைம்மாறாகக் காட்டுக்குள் விடுதலை செய்யப்பட்டாள். 375ஆம் ஆண்டில் பிரிகேஷியோவில் குவாடி இனத் தூதர்களின் மேல் பொங்கிய சினத்திலேயே நோய் தாக்கி அவர் இறந்தார். இத்தனையும் எழுதிய அதே கை, எல்லைக் கோட்டைகளை அவர் உறுதியாகக் கட்டியதையும், சமய வேறுபாடுகளில் எவரையும் வற்புறுத்தாமல் நடுநிலை காத்ததையும் எழுதுகிறது. கிழக்கை ஆண்ட வாலென்ஸின் காலத்தில் அந்தியோகியாவில் சூனியக் குற்றச்சாட்டுகள் பெருகியபோது, தங்களிடமுள்ள நூல்களே சான்றாகிவிடும் என்ற அச்சத்தில் கிழக்கு மாநிலங்களெங்கும் மக்கள் தங்கள் நூலகங்களைத் தாங்களே எரித்தனர். ஆனால் வரிச்சுமையை இந்த அளவுக்குத் தணித்த ஆட்சியைக் கிழக்கு முன்பு கண்டதில்லை என்ற சான்றிதழையும் வாலென்ஸ் பெறுகிறார். 378 ஆகஸ்ட் 9 அன்று அட்ரியானோபிளில் கோத் என்னும் ஜெர்மானிய இனத்தாரின் படையிடம் ரோமப்படையின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. பேரரசரின் உடல் கிடைக்கவே இல்லை. ஆகவே அவருக்குரிய மதிப்பீடு உடலற்ற ஒருவரின் மதிப்பீடாக நூலின் கடைசிப் பகுதியில் நிற்கிறது.

புதிய வாசகர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: சொல்லாமல் விட்டவை. அம்மியானஸ் எழுதிய காலத்தில் ஆண்டவர் முதலாம் தியோடோசியஸ். அப்பேரரசரின் தந்தையும் அதே பெயருடைய பெருந்தளபதிதான். பிரிட்டனிலும் ஆப்பிரிக்காவிலும் அவர் பெற்ற வெற்றிகளை அம்மியானஸ் விரிவாகவே எழுதுகிறார். ஆனால் அத்தளபதி பிறகு கார்த்தேஜ் நகரில் மரணதண்டனைக்கு உள்ளானதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்மைக் காலத்தை எழுதுவதிலுள்ள ஆபத்துகளை எண்ணி நூலை முன்பே நிறுத்திவிட நினைத்ததாக அவரே ஓரிடத்தில் சொல்கிறார். விருந்தில் பேரரசர் பேசியதை ஏன் விட்டாய் என்று கேட்கும் சில்லறைக் குறைகாண்போரையும் அங்கே குறிப்பிடுகிறார்.

நூலின் கடைசி வரிகளில், முன்னாள் படைவீரனும் கிரேக்கனுமாகிய தான் தன் ஆற்றலுக்கு இயன்றவரை இதை எழுதியதாகவும், உண்மையை அறிந்தே மௌனத்தாலோ பொய்யாலோ கெடுக்கத் துணிந்ததில்லை என்றும் அவர் கூறுகிறார். எஞ்சியதை வயதிலும் கல்வியிலும் செழித்த வேறு எவரேனும் எழுதட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார். அப்படி எழுத முன்வருவோர் தங்கள் நாவை இன்னும் உயர்ந்த நடைக்குத் தீட்டிக்கொள்ளுமாறு அறிவுரையும் சொல்கிறார். அந்த உயர்ந்த நடை என்பது, ஆட்சியிலிருக்கும் பேரரசருக்குரிய புகழுரையின் நடையே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தியோடோசியஸைப் பற்றி அந்த நடையில் எழுத அம்மியானஸ் முன்வரவில்லை.